மைனஸ் நாலு வயது

அந்த அத்தையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. என்னை அண்ணா என்று கூப்பிட்டார், அதனால், பிள்ளைகளே, உங்களுக்கு அத்தை. அது போதும். இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது.

பத்தாம் வகுப்புக் கணக்கில், இரண்டு தெரியாத எண்களைக் கண்டுபிடிக்கும் பாடம் ஆரம்பித்துவிட்டார்கள் என்று போன வாரம் பெரியவள் சொன்னாள். புத்தகத்தை வாங்கி ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். நைனாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று சின்னவன் வாயைப் பிளந்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுதி எழுதிப் பார்த்தால் கணக்கைவிட அந்த அத்தையைப் பற்றித்தான் வருகிறது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அத்தை எடுத்த எடுப்பில் எக்ஸ், ஒய் என்று எழுதமாட்டார். அது யார் என்று முதலில் தெரிய வேண்டும். 'ஒருவரிடம் சில ஆடுகளும் சில கோழிகளும் உள்ளன' என்று புத்தகத்தில் இருந்தால் நான் சட்டென்று எழுத ஆரம்பித்துவிடுவேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "யாருண்ணா அந்த ஆளு? எந்த ஊரு?" என்பார்.

கணக்குக்கு எதற்கு ஊர் என்று நான் அலுத்துக்கொள்வேன். அவர் விடமாட்டார். கங்காதர நெல்லூர்ப் பக்கத்து ஆள் என்று அவரே முடிவு செய்வார். அந்த ஆளுக்கு ஒரு மீசை, ஒரு கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பது, ஆட்டைவிடக் கோழிமேல் பிரியம் என்று எல்லாம் வைத்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். தலை முப்பது, கால் எண்பத்து நாலு, ஆடு எத்தனை, கோழி எத்தனை என்பது கேள்வி. நான் இரண்டு வரி எழுதி, மேலே பெருக்கிக் கீழே கழித்து, குறியை மாற்ற மறந்து, திரும்ப அடித்து எழுதிக்கொண்டிருப்பேன். அத்தை ரயில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி சொல்வார்:

"ஒயரத்துல அகத்தித்தழ கட்டுண்ணா. எல்லா ஆடும் முன்னங்கால தூக்கிக்கினு நிக்கும். இப்ப தரையில ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கால்தான். முப்பதுக்கு அறுவது. மீதி இருபத்து நாலு காலு மேல கீது. ஒரு ஆட்டுக்கு ரெண்டுன்னா பன்னண்டு ஆடு."

பன்னிரண்டு ஆடு, பதினெட்டு கோழி. எனக்கும் அதேதான் வந்திருக்கும், பத்து நிமிடம் கழித்து.

ரேணிகுண்டா தாண்டி, செல்போன் சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனியில் எங்கள் இருவருக்கும் வேலை. நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலம் அது. நான் பெட்டி தூக்கி அடுக்குவேன். அவர் தரை துடைப்பார். நான் நகரியில் ரயில் ஏறுவேன், அவர் புத்தூரில் ஏறுவார். ஓடிக்கொண்டே இருக்கிற பெல்ட் முன்னால் உட்கார்ந்து பாகம் பொருத்துகிற வேலைக்குப் பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் இருவரும் மற்ற பாடங்களில் தேறி, கணக்கில் மட்டும் போனவர்கள். திருப்பதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓபன் ஸ்கூல் வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தோம். பாடமெல்லாம் தெலுங்கில். நாங்கள் வழியெல்லாம் அதைத் தமிழில் பேசிப் பேசிப் புரிந்துகொண்டோம். புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே இருக்கிற அந்த முக்கால் மணி நேரம்தான் எங்கள் பள்ளிக்கூடம்.

எனக்கு எதற்குப் பெல்ட் வேலை என்று உங்களுக்குத் தெரியும். பெட்டி தூக்கி என் இடுப்பு போயிருந்தது. அவருக்கு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். உட்கார்ந்து செய்யலாம் என்பார், மரியாதை என்பார் என்று நினைத்தேன்.

"தொடைக்கிற வேலையில கை மட்டும் ஓடுதுண்ணா. தல சும்மா கீது. சும்மா இருந்தா நெனப்பு வருது. பெல்ட்டுல உக்காந்தவங்கள பாத்திருக்கியா? கண்ண அந்தாண்ட இந்தாண்ட திருப்ப முடியாது. ஒண்ணு போனா ஒண்ணு வந்துனே கீது. அங்க உக்காந்தா நெனப்பே வராது."

என்ன நினைப்பு என்று நான் கேட்கவில்லை. அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அந்தக் கவலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவருக்குக் கணக்கு பிடித்ததும் அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. கணக்கில் வருகிறவர்கள் அவர் தலைக்குள் குடிவந்து இடத்தை அடைத்துக்கொள்வார்கள். எங்கள் வகுப்பு சார் ஒரு பஸ் கணக்கு கொடுத்தார். சித்தூரில் ஒரு பஸ், திருப்பதியில் ஒரு பஸ், நடுவில் எழுபது கிலோமீட்டர். எதிரெதிராகப் புறப்பட்டால் ஒரு மணி நேரத்தில் சந்திக்கும். சித்தூர் பஸ் திருப்பதியைப் பார்த்து வர, திருப்பதி பஸ்ஸும் அதே பக்கமாகவே போனால், பின்னால் வருகிறது முன்னால் போவதை ஏழு மணி நேரத்தில் பிடிக்கும். வேகம் என்ன? அத்தை அரை நாள் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை. திருப்பதி பஸ்காரன் சித்தூருக்கு வராமல் எதற்கு அந்தப் பக்கம் ஓடுகிறான், ஏழு மணி நேரம் ஓடினால் எந்த ஊருக்குப் போயிருப்பான், உள்ளே உட்கார்ந்திருக்கிற சனங்கள் சும்மாவா இருப்பார்கள் என்று அவருக்கு ஒரே கவலை. டிரைவருக்கு வீட்டில் சண்டை என்று ஒரு காரணம் கண்டுபிடித்த பிறகுதான் மனம் ஒப்பியது. சித்தூர் பஸ்ஸுக்கு நாற்பது, மற்றதுக்கு முப்பது என்று விடை சொன்னார். அதோடு நிற்கவில்லை. எதிரெதிராக வந்தால் புத்தலப்பட்டு தாண்டிச் சந்திக்கும், அங்கே சாலை ஓரத்தில் நிறுத்தி இரண்டு டிரைவரும் ஒரு டீ குடிக்கலாம் என்றார். ரயில் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எங்கள் கணக்கைக் கேட்பதற்கென்றே பக்கத்தில் வந்து உட்காருகிற ஆட்கள் இருந்தார்கள்.

விடை வந்ததும் அவர் செய்கிற இன்னொரு காரியத்தை நீங்களும் செய்ய வேண்டும். விடையைக் கொண்டுபோய்க் கேள்வியில் வைத்துப் பார்ப்பார். முதல் வரியில் வைத்துப் பார்த்தால் போதாது, இரண்டாவது வரியிலும் வைக்க வேண்டும். "ரெண்டு பேருகிட்டயும் கேக்கணும்ண்ணா. ஒருத்தர் ஒத்துக்கினா ஆவாது" என்பார்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு வகைக் கணக்கில் மட்டும் தப்பு செய்தார். வயதுக் கணக்கு. அதிலும் எல்லாவற்றிலும் இல்லை. 'ஐந்து ஆண்டுகளுக்கு முன்' என்று வந்தால் சரியாகப் போடுவார். அம்மாவுக்கும் ஐந்து குறைப்பார், பிள்ளைக்கும் ஐந்து குறைப்பார். 'ஐந்து ஆண்டுகளுக்குப் பின்' என்று வந்தால் பெரியவருக்கு மட்டும் ஐந்து கூட்டுவார். பிள்ளைக்குக் கூட்டமாட்டார்.

முதல் தடவை மறதி என்று நினைத்தேன். பத்தாவது தடவை எனக்குக் கோபம் வந்தது. காலம் போனால் இரண்டு பேருக்கும்தான் போகும் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "ஆமாண்ணா" என்பார். அடுத்த கணக்கில் திரும்ப அதே இடத்தில் அதே தப்பு.

ஒருநாள் காலை இந்தக் கணக்கைக் கொடுத்தேன். தாயின் வயது மகனின் வயதைப்போல் நான்கு மடங்கு. நான்கு ஆண்டுகளுக்குப் பின் மூன்று மடங்கு ஆகும். இப்போது வயது என்ன? வேண்டுமானால் நீங்கள் இப்போதே போட்டுப் பாருங்கள். தாய்க்கு முப்பத்திரண்டு, மகனுக்கு எட்டு. அத்தை வழக்கம்போலத் தாய்க்கு மட்டும் நான்கைக் கூட்டினார். அப்படிச் செய்தால் மகன் வயது மைனஸ் நாலு என்று வரும். வந்தது. நான் நோட்டைப் பிடுங்கி எதிரில் இருந்தவர்களுக்குக் காட்டினேன்.

"பாருங்க, பையனுக்கு மைனஸ் நாலு வயசாம். இன்னும் நாலு வருசம் கழிச்சுத்தான் பொறப்பான் போல."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ஆள், அப்போ அந்த அம்மா அதுவரைக்கும் யாருக்குச் சோறு ஊட்டுவாள் என்று கேட்டான். இன்னும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்தால் மனிதனுக்கு நிறுத்தத் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. அத்தையைப் பார்த்து, "இன்னாம்மா, ஊர்ல எல்லாருக்கும் வயசு ஏறுது, உன் புள்ளைக்கு மட்டும் ஏறவே ஏறாதா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. நோட்டை என் கையிலிருந்து வாங்கி, பையில் வைத்து, பையின் வாயைக் கட்டினார். ரேணிகுண்டா வரும்வரை அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தார். புத்தூரிலிருந்து கூடையோடு வரும் ஒரு பூக்கார அம்மா எங்களோடு தினமும் உட்காருவார். அந்தப் பெட்டியில் அன்று சிரிக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் அத்தை வரவில்லை. பூக்கார அம்மா கூடையை என் காலடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னா நைனா அப்பிடி கேட்டுட்ட" என்றார். "அதுக்கு இருந்ததே ஒரு புள்ள. எட்டு வயசு. காய்ச்சல்னு படுத்தான், எழுந்துக்கவே இல்ல. ஆறு வருசம் ஆவுது."

பிள்ளைகளே, நான் உங்களை அடித்தது இல்லை. அன்றைக்கு யாராவது என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. காலையில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதவனை விலக்கிவிட்டு ரயில் ஏறியிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் வந்தார். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று நகரியிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை வாயில் வரவில்லை. ஆடு கோழிக் கணக்காகத் தேடி எடுத்துக் கொடுத்தேன். மறுநாளும் அதே. மூன்றாவது நாள் அவரே கேட்டார்.

"வயசுக் கணக்க ஏண்ணா வுட்டுட்ட?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பூக்காரம்மா சொல்லிச்சா. சரி." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கூட்டணும்னு எனக்குத் தெரியாம இல்லண்ணா. அம்மான்னு எழுதுறப்பவே என் மூஞ்சி வந்துடுது. புள்ளன்னு எழுதினா அவன் வந்து நிக்கிறான். வெள்ளச் சட்ட, ஒரு பல்லு வுழுந்துட்டு கீது. அவனுக்குப் போயி நாலு கூட்டு, அஞ்சு கூட்டுன்னா கை நின்னுடுது. என்கிட்ட கீறது எட்டு வயசுப் புள்ளதாண்ணா."

அன்று நோட்டைத் திறக்காமலேயே ரேணிகுண்டாவில் இறங்கினோம். நான் அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

பரீட்சைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கடைசி வகுப்பு. வயதுக் கணக்கு கட்டாயம் வரும், எட்டு மார்க், அதை விட்டால் பலபேர் தேறமாட்டீர்கள் என்று சார் சொன்னார். கணக்கிலேயே மற்ற பகுதிகளில் எங்கள் இருவருக்கும் தடுமாற்றம் இருந்தது. வட்டம், முக்கோணம் எல்லாம் அத்தைக்கு ஏறவில்லை, அவற்றுக்கு ஊர் பேர் வைக்க முடியாதே. அந்த எட்டு மார்க் இல்லாமல் அவர் தேறமாட்டார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தேறாவிட்டால் இன்னொரு வருடம் அந்தத் தரை, அந்த நினைப்பு.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நான்தான் பேச்சை எடுத்தேன். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னேன்.

"ஒரே ஒரு வாட்டிம்மா. காயிதத்துலதானே. அன்னிக்கு மட்டும் கூட்டிடு. அப்புறம் யார் கேக்கப் போறாங்க."

அவர் பையின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். பிறகு, "சரிண்ணா" என்றார்.

பரீட்சையில் அது வந்தது. தந்தையின் வயது மகனின் வயதைப்போல் ஐந்து மடங்கு, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மூன்று மடங்கு. நான் அவசர அவசரமாகப் போட்டு முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு வரிசை தள்ளி அத்தை உட்கார்ந்திருந்தார். பேனா கையில் இருந்தது, எழுதவில்லை. மேற்பார்வைக்கு நின்ற டீச்சர் என்னை முன்னால் பார்க்கச் சொன்னார். இன்னொரு முறை திரும்பியபோது அத்தை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். வேகமாக எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதைப்பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முடிவு வந்தது. எனக்கு நாற்பத்தொன்று, அவருக்கு முப்பத்தெட்டு. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். நீங்களே கழித்துப் பாருங்கள், அந்த எட்டு இல்லையென்றால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று.

இருவரையும் ஒரே நாளில் பெல்ட்டில் உட்காரவைத்தார்கள். தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம் போட்டுவிட்டால் யார் யார் என்று தெரியாது. அத்தை எனக்கு நாலு ஆள் தள்ளி. அவர் சொன்னது உண்மைதான், கண்ணை அந்தண்டை இந்தண்டை திருப்ப முடியவில்லை. ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டே இருந்தது. அவர் கை எங்கள் எல்லோரையும்விடச் சீக்கிரம் பழகிவிட்டது. தப்பு வந்தால் எரிகிற சிவப்பு விளக்கு ஒருநாளும் அவர் இடத்தில் எரிந்து நான் பார்த்ததில்லை. சூப்பர்வைசர் மற்றவர்களுக்கு அவரைக் காட்டித்தான் சொல்வார்.

ரயிலில் இப்போது நோட்டு இல்லை. கணக்குக் கேட்க வந்து உட்கார்ந்தவர்கள் வேறு வேறு பெட்டிக்குப் போய்விட்டார்கள். அத்தை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா வருவார். ஒருநாள் சாயந்திரம் வீட்டுக்குத் திரும்பும்போது மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். இப்போது தேவலையா, பெல்ட்டில் உட்கார்ந்தால் நினைப்பு வராது என்று சொன்னாயே, வருவதில்லைதானே என்றேன்.

"வர்லண்ணா" என்றார்.

நான் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். மீதியை அவர் மெதுவாகத்தான் சொன்னார். ரயில் சத்தத்தில் நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"பரிட்சையில நீ சொன்ன மாதிரியே கூட்டினேன். அப்பாவுக்கு அஞ்சு, புள்ளைக்கு அஞ்சு. அந்தப் புள்ளைக்கு இப்ப அஞ்சு வயசு, அப்புறம் பத்துன்னு வந்துச்சு. ரெண்டு வரியிலயும் வெச்சுப் பாத்தேன், சரியா இருந்துச்சு. அதோட வுட்டிருக்கலாம். கை நிக்கல. என் புள்ளைக்கும் கூட்டிட்டேன். எட்டும் ஆறும் பதினாலு. பதினாலு வயசுல அவன் மூஞ்சி எப்பிடி இருக்கும்னு பாத்தேன், தெர்ல. மீச மொளச்சிருக்குமா, ஒயரமா இருப்பானா, ஒண்ணுமே தெர்ல. சரி, வேணாம், பழைய மூஞ்சியே போதும்னு பாத்தா அதுவும் வர்ல. வெள்ளச் சட்ட வருது. சட்ட மட்டும் வருது."

போகப் போகச் சரியாகிவிடும் என்று ஏதோ உளறினேன்.

"கழிச்சும் பாத்துட்டேண்ணா" என்றார். "பதினால்ல ஆறு போனா எட்டுதான். தெனம் கழிச்சுப் பாக்குறேன். கணக்கு சரியா வருது. புள்ள வர்ல."